தர்மபுரி பிள்ளைகளின் பல்லில் ஒரு தேதி இருக்கு

வளரிளம் பருவப் பிள்ளைகளோட ஆரோக்கியப் பழக்கங்களைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் பள்ளிகளுக்காக ஒரு கேள்வித்தாள் வெச்சிருக்கு. சாப்பாடு, புகையிலை, விளையாட்டு இதோட, ஒரு நாளைக்கு எத்தனை தடவை பல் துலக்குறீங்க என்ற கேள்வியும் அதில் உண்டு. நல்ல கேள்விதான். ஆனால் தர்மபுரி மாவட்டத்தில், பதிலையும் பல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழம்பிப் போவோம். தினம் ரெண்டு வேளை துலக்குற பிள்ளைக்கும் பல்லில் பழுப்புக் கோடு இருக்கும்.

காரணம் தெரிஞ்சதுதான், ஃபுளோரைடு. இங்கே அடியில் இருப்பது கடினப் பாறை. அதிலுள்ள தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு மெதுவா கரைந்து போர்வெல் தண்ணியில் சேருது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மாவட்டத்தில் பல ஊர்களின் போர்வெல் தண்ணி அதைத் தாண்டியது. இது இன்று நேற்று வந்த பிரச்சினையும் இல்லை. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதியிலிருந்து 1937-லேயே ஃபுளோரோசிஸ் பற்றி மருத்துவக் கட்டுரை வந்துவிட்டது.

பலர் கவனிக்காத விஷயம் இனிமேல்தான். அந்தக் கறை பல்லின் மேல் படிந்த அழுக்கு இல்லை. ஈறுக்குள்ளே எனாமல் உருவாகும்போதே சேர்ந்துவிட்ட கோளாறு. முன்பற்களின் எனாமல் பிறந்த சில மாதத்தில் ஆரம்பித்து நாலஞ்சு வயதுக்குள் முடிந்துவிடும். இரண்டாம் கடைவாய்ப்பல் மூணு வயது வாக்கில் ஆரம்பித்து ஏழெட்டு வயதில்தான் முடியும். எங்க பாஷையில் சொன்னா, ஒரே ஒரு தடவை எழுதக்கூடிய லாக் ஃபைல். எழுதினதுக்கு அப்புறம் அழிக்க முடியாது. பதினாலு வயதுப் பையன் கரியும் உப்பும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க எனாமல்தான் தேயும். சரியா துலக்கலை என்று வகுப்பில் அவனைத் திட்டுவது அதைவிட அநியாயம். வாயை மூடிக்கிட்டே சிரிக்கப் பழகின பிள்ளையிடம் அது மேலும் ஒரு அடி.

இப்போ தேதிக்கு வருவோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினாங்க. ஜப்பான் கடனுதவியோட கட்டி, 2013 மே மாதம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காகத் தொடங்கி வெச்சாங்க. 2009-ல் பிறந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கோங்க. அதன் முன்பல் பெரும்பாலும் போர்வெல் தண்ணியில் உருவானது, பின்னால் உள்ள இரண்டாம் கடைவாய்ப்பல் பெரும்பாலும் காவிரித் தண்ணியில். ஒரே வாயில் ரெண்டு தண்ணி! 2013-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு முன்பல்லும் சுத்தமா இருக்கணும். எந்த ஊரில் அப்படி இல்லையோ, அந்த ஊர்க்காரர்கள் குடிக்க இன்னமும் போர்வெல்லைத்தான் நம்பியிருக்காங்க என்று சந்தேகப்படலாம். குழாய் போட்ட கணக்கை விட இந்தக் கணக்கை நான் நம்புவேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் முன்பற்களைப் பார்க்க ஒரு டார்ச் போதும்.

பல்லின் கதை எட்டு வயதோட முடிஞ்சாலும் எலும்போடது முடியலை. ஃபுளோரைடு எலும்பில் வருஷக்கணக்கா சேரும், வளரும் வயதில் இன்னும் வேகமா. அதனால் பல் துலக்கும் கணக்கை விட எந்தத் தண்ணியைக் குடிக்கிறாங்க என்பதுதான் இங்கே முக்கியமான பழக்கம். காய்ச்சினா ஃபுளோரைடு போகாது; தண்ணி ஆவியாகிப் போக, மிச்சத்தில் அடர்த்தி கூடத்தான் செய்யும். குளோரின் போட்டாலும் போகாது. டீத்தூளிலும் ஃபுளோரைடு உண்டு, போர்வெல் தண்ணியில் பால் இல்லாமல் போடும் டீயில் ரெண்டும் சேர்ந்துக்கும். கால்சியம் குறைவான உடம்பில் பாதிப்பு அதிகம். நம்ம ஊர் கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கு. களியைக் கேலி செய்துவிட்டு பாக்கெட் நூடுல்ஸுக்கு மாறின வீடுகளில் இதைச் சொல்லிப் பாருங்க.

ஏற்கெனவே வந்த கறைக்குப் பல் மருத்துவரிடம் வழி இருக்கு. மேலோட்டமான கறை என்றால் மெல்லிய ஒரு படலத்தைத் தேய்த்து எடுப்பாங்க, ஆழமானது என்றால் பல்லின் நிறத்திலேயே பூசி மறைப்பாங்க. வீட்டில் எலுமிச்சம்பழமும் சோடா உப்பும் வைத்து முயற்சி செய்ய வேண்டாம்.