வலைப்பூ இன்னும் வாடவில்லை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டீர்களா? பிளாக் எனப்படும் வலைப்பதிவு ஒன்றைத் தொடங்கிப் பாருங்கள். ஃபேஸ்புக், வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். அங்கே எழுதுவது இரண்டே நாளில் கீழே போய்விடும். வலைப்பதிவில் ஒவ்வொரு பதிவும் தேதியுடனும் தனி முகவரியுடனும் நிற்கும், தேடினால் கிடைக்கும்.

2004-இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியில் புதிய பதிவுகளைத் தேடிப் படித்த காலம் போய்விட்டது. ஆனால் அன்று எழுதப்பட்டவற்றில் பலவற்றை இன்றும் படிக்கலாம். எங்கள் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு எந்த மாதம் எந்தப் பறவை வந்தது என்று வருடாவருடம் குறித்து வந்தால், பத்து ஆண்டுகளில் அது ஓர் ஆவணமாகிவிடும்.

1999-இல் வந்த பிளாக்கர் இன்றும் இலவசம். ஜிமெயில் கணக்கும் யூனிகோட் தமிழ்த் தட்டச்சும் போதும்.

ஓர் எச்சரிக்கை: 2009-இல் யாகூ தன் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது ஏராளமான தனிநபர் பக்கங்கள் காணாமல் போயின. எனவே, செட்டிங்ஸ் பகுதியில் உள்ள பேக்கப் வசதி மூலம் மாதம் ஒருமுறை நகல் எடுத்துப் பென் டிரைவில் வையுங்கள். படங்களைத் தனியே சேமியுங்கள். இடம் கூகுளுடையது, எழுத்து உங்களுடையது.