மாரிகாலத்து இரவு விருந்தாளி

மாரிமழை தொடங்கியதும் திருகோணமலை நகரையடுத்த அன்புவழிபுரம் போன்ற குடியிருப்புகளில் வீட்டுத்தோட்டம் வைத்திருப்போர்க்குப் பழகிப்போன காட்சி ஒன்றுண்டு. முதல்நாள் மாலை தளதளவென்று நின்ற கத்தரிக் கன்று, மறுநாட் காலை நடுநரம்பு மட்டும் எஞ்ச நிற்கும். கிணற்றுக் கட்டிலும் குசினிச் சுவரிலும் வெள்ளி இழை போன்ற கோடுகள் பளபளக்கும். விளைவைக் கண்டும் வினை செய்தவரைக் காணாத இல்லத்தரசி, உடனே நாடுவது உப்புச் சிரட்டையை. அவ்வுப்பு நல்ல மருந்துதானா என்பதை இங்கு ஆராய்வோம்.

இரவில் வந்து இலையை உண்டு, விடியுமுன் மறைந்துவிடும் இப்பிராணி ஓடில்லா நத்தையாகும். இதனை அட்டையென்று கருதிச் சிறுவர் அஞ்சுவதுண்டு. அட்டை இரத்தம் குடிப்பது. இதுவோ இலையையும் அழுகலையும் உண்பது. நத்தை இனத்தைச் சேர்ந்ததாயினும் முதுகில் வீடில்லாதது. ஆகவே உடலின் ஈரத்தைக் காத்துக்கொள்ள ஓயாது பசைநீரைச் சுரக்கின்றது. நாம் சுவரிற் காணும் வெள்ளிக் கோடு, அப்பசை உலர்ந்த தடமே. வெயிலும் காற்றும் இதற்குப் பகை. இருளும் ஈரமும் நட்பு. பூச்சாடியின் அடி, கிடந்த பலகை, உக்கிய கிடுகு, கல்லிடுக்கு ஆகியவையே இதன் பகற்பொழுது இல்லங்கள்.

வந்தேறிய உறவினர்

ஓடுள்ள நத்தைகளுள் நம் தோட்டங்களுக்குப் பெருங்கேடு விளைப்பது ஆபிரிக்கப் பெருநத்தை. இதன் தாயகம் கிழக்காபிரிக்கா. 1847இல் வில்லியம் பென்சன் என்னும் நத்தை ஆராய்ச்சியாளர் இதனை மொரீசியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். 1900ஆம் ஆண்டளவில் இலங்கையிலும் புகுந்த இது, சில ஆண்டுகளுக்குள்ளேயே தோட்டப் பீடையாயிற்று. ஒரே தடவையில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை மண்ணுள் இடவல்லது. கோடையில் ஓட்டின் வாயை மெல்லிய படலத்தால் மூடிக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். திருகோணமலைக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதியைத் தருவது ஐப்பசி முதல் தை வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்று. நெடுங்கோடையில் இல்லாதொழிந்ததெனக் கருதிய நத்தைப்படை, முதல் மழையோடு எழுந்து வருவதன் காரணம் இதுவே.

உப்பும் நஞ்சும்

உப்புத் தூவினால் நத்தை இறக்கும் என்பது உண்மையே. உப்பு அதன் உடல்நீரை உறிஞ்சிவிடுகின்றது. ஆனால் அதே உப்பு பயிரின் வேரிலிருந்தும் நீரை மறிக்கும். கடலோரத்தில் ஆழமில்லாக் கிணற்று நீரை நம்பிப் பயிர் செய்வோர், உவர் ஏறாமல் மண்ணைக் காக்கவேண்டியவர்கள். அவர்களே மழைக்கு மழை பாத்தியில் உப்பைத் தூவுவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போன்றதாகும்.

கடைகளில் விற்கும் நஞ்சுக் குளிகைகளுள் மெற்றல்டிகைட்டு கலந்தவை நாய்க்கும் கோழிக்கும் குழந்தைக்கும் ஆபத்தானவை. பிரித்தானியாவில் 2022ஆம் ஆண்டு முதல் இதனை வெளியிடங்களில் இடுவது தடைசெய்யப்பட்டுள்ளது. நஞ்சு வேண்டியே தீருமெனின், இரும்புப் பொசுபேற்றுக் குளிகை தீங்கு குறைந்தது. முட்டைக் கோதைச் சுற்றிவர இட்டால் நத்தை அணுகாது என்பாருமுளர். பிரித்தானிய அரச தோட்டக்கலைச் சங்கம் முட்டைக் கோது, செப்புத் தகடு முதலியவற்றைச் சோதித்து 2018இல் வெளியிட்ட முடிவில், இவற்றாற் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை.

கையும் விளக்கும்

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? முதலாவது, நீர் ஊற்றும் நேரத்தை மாலையிலிருந்து காலைக்கு மாற்றுதல். இரவில் மேல்மண் உலர்ந்திருந்தால் நத்தையின் நடமாட்டம் குறையும். இரண்டாவது, பலகை, உடைந்த சாடி, குப்பை ஆகியவற்றை அகற்றி, ஒளியும் காற்றும் புகவிடுதல். மூன்றாவது, பொறி வைத்தல். ஈரச்சாக்கொன்றை விரித்து, அதன்கீழ் பப்பாசி இலைகளை இட்டுவைத்தால் நத்தைகள் அங்கு கூடும். விடிந்ததும் தூக்கிப் பார்த்து அள்ளிவிடலாம். நான்காவது, இரவு எட்டு மணிக்குமேல் விளக்கோடு சென்று பொறுக்குதல். வெறுங்கையாற் தொடாமல், பொலித்தீன் உறையோ இடுக்கியோ கொண்டு எடுத்து வாளியிலிட்டு, கொதிநீரை ஊற்றி, ஆழமாகப் புதைத்துவிடுக. ஒருநாள் செய்து விடுவதாற் பயனில்லை. மழை தொடங்கிய முதற் சில வாரங்கள் தொடர்ந்து செய்தல் வேண்டும்.

செண்பகமும் வாத்தும் தேரையும் மின்மினியின் புழுவும் நத்தையை உண்பன. வேலியில் திரியும் செண்பகத்தைக் கல்லெறிந்து விரட்டும் சிறுவர், நத்தைக்குத் துணைபுரிகின்றனர் என்பதை உணர்தல் நன்று.

வல்லாரைச் சம்பலில் ஓர் எச்சரிக்கை

இலை போனால் மீண்டும் தளிர்க்கும். ஆனால் நத்தையால் மனிதர்க்கு வரும் தீங்கொன்று உண்டு. எலியின் நுரையீரல் நாளங்களில் வாழும் ஒருவகைப் புழுவை, 1935இல் சீனத்துக் கன்டன் நகரில் சென் என்னும் அறிஞர் விவரித்தார். எலியின் எச்சத்தோடு வெளிவரும் இதன் குடம்பிகள், நத்தையின் உடலிற் புகுந்து வளர்கின்றன. அந்நத்தையையோ அதன் சிறு துண்டையோ வேகாத உணவோடு மனிதர் விழுங்கினால், குடம்பிகள் மூளையைச் சூழ்ந்த சவ்வை அடைந்து கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி முதலியவற்றை உண்டாக்கும். இலங்கையிலும் இத்தகைய நோயாளர் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளனர். அவுஸ்திரேலியாவில் 2010இல் நண்பர் விளையாட்டாகத் தூண்ட, ஓடில்லா நத்தையொன்றை விழுங்கிய இளைஞர் ஒருவர், எட்டாண்டுகள் முடங்கிக் கிடந்து 2018இல் உயிர்நீத்தார்.

நம் வீடுகளிற் பச்சையாக உண்ணும் வல்லாரை, நத்தை விரும்பும் ஈரநிலத்திலேயே வளர்கின்றது. ஆகவே சம்பலுக்கு அரியுமுன் இலையிலையாகப் பிரித்து, முன்னும் பின்னும் பார்த்து, ஓடும் நீரிற் கழுவுதல் வேண்டும். சிறு நத்தையொன்று நகத்தளவிலும் சிறியதாயிருக்கலாம். உப்பு நீரிலோ மஞ்சள் நீரிலோ ஊறவைத்தாற் போதும் என்னும் எண்ணம் நம்பத்தக்கதன்று. ஐயமிருப்பின் வேகவைத்து உண்பதே பாதுகாப்பு. தோட்டத்திற் கைவைத்த பிள்ளைகள் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவதும், வீட்டில் எலி பெருகாமற் காப்பதும் இதே காவலின் பகுதிகளாம்.

நத்தை யாவும் பகையென்று கொள்ளவும் வேண்டாம். இலங்கைக்கே உரிய நிலநத்தைகள் பலவுள. காட்டில் உதிர்ந்த சருகைத் தின்று மண்ணுக்கு உரமாக்குவோரும் அவையே. பாத்திக்குள் வந்ததைப் பொறுக்குவோம். பற்றைக்குள் வாழ்வதை விட்டுவிடுவோம். உப்புச் சிரட்டை அடுப்படியிலேயே இருக்கட்டும். இம்மாரிக்கு நமக்கு வேண்டியவை ஒரு விளக்கும், ஒரு வாளியும், கீரையைக் கழுவும்போது சற்றுப் பொறுமையுமே.