எரிந்த பைக்கும் உடைந்த ஷட்டரும்: நஷ்டஈடு யார் தருவது?

கலவரம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் கண் முன் வருவது நம்முடைய கடை ஷட்டர்தான். அதில் தவறில்லை. ஆனால் அதே இரவில், அதே தெருவில், இன்னொருவருடைய சொத்தும் எரிகிறது. பணிக்கு வந்த காவலரின் சொந்த மோட்டார் சைக்கிள், பஸ் கண்டக்டரின் பை, வருவாய்த் துறை ஊழியரின் வண்டி ஆகியவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அரசாங்க ஜீப் எரிந்தால் மறுநாள் பத்திரிகையில் எண்ணிக்கை வருகிறது. அரசாங்க ஊழியர் மாதத் தவணையில் வாங்கிய பைக் எரிந்தால் அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இது நமக்கு எதற்கு என்று வணிகப் பெருமக்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அந்த ஊழியர் நம் மளிகைக் கடையின் மாதக் கணக்கு வாடிக்கையாளர். அவருக்கு விழும் அடி அடுத்த மாதமே நம் பற்று நோட்டில் தெரியும். இரண்டாவது, அவர் நிற்கிற இடமும் நாம் நிற்கிற இடமும் ஒன்றே. இருவரும் குற்றம் செய்தவர்கள் அல்லர். இருவருக்கும் நஷ்டம் உண்டு. இருவருக்கும் சட்டம் சொல்லும் பதில், "சேதப்படுத்தியவன் தருவான்" என்பதுதான். அவன் எப்போது தருவான் என்பதே கேள்வி.

ஆம்பூர் சொல்லும் பாடம்

2015 ஜூன் மாதம் நம் பகுதியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. போலீஸ் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஓர் இளைஞர் ஜூன் 26 அன்று சென்னை மருத்துவமனையில் உயிரிழந்தார். மறுநாள், 27ஆம் தேதி சனிக்கிழமை இரவு, ஆம்பூரில் கலவரம் வெடித்தது. போலீசார் பலர் காயமடைந்தனர். காவல்துறை வாகனங்களும் அரசு பஸ்களும் தாக்கப்பட்டன. கடைகளும் தப்பவில்லை. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் போக்குவரத்து நின்றது.

அந்தத் தேதியை வணிகர் கண்ணால் பார்க்க வேண்டும். மாதக் கடைசி என்பதால் சம்பளக்காரர்களின் கடன் கணக்கு நோட்டில் உச்சத்தில் இருக்கும் நேரம். ரம்ஜான் நோன்பு மாதமும் அதுவே. பண்டிகை வியாபாரத்துக்காகக் கடையிலும் மண்டியிலும் சரக்கு நிறைந்திருக்கும் காலம். அப்படிப்பட்ட இரவில் ஒரு கடைக்கு விழும் அடி, சாதாரண நாளில் விழும் அடியைப் போன்றதல்ல.

வழக்கு எப்போது முடிந்தது? 2025 ஆகஸ்டில்தான் திருப்பத்தூர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. சம்பவம் நடந்தபோது ஆம்பூர் வேலூர் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமானது. மாவட்டமே மாறிய பிறகுதான் தீர்ப்பு வந்தது. 22 பேர் குற்றவாளிகள் என அறிவிக்கப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் விடுதலையானார்கள்.

இதில் இரண்டு உண்மைகள் உள்ளன. குற்றவாளி யார் என்று உறுதியாகத் தெரியவே பத்து வருடம் ஆயிற்று. எரிந்த பைக்குக்கோ உடைந்த கடைக்கோ அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. மற்றொன்று, முதல் நாளில் பிடிபட்ட எல்லோரிடமும் உடனே வசூலித்துவிடலாம் என்ற பேச்சும் சரியல்ல. அப்படி வசூலித்திருந்தால், பின்னர் நீதிமன்றம் விடுவித்த பலரிடம் அநியாயமாகப் பணம் பிடுங்கியதாகியிருக்கும். உத்தரப் பிரதேசத்தில் 2019 போராட்டங்களை ஒட்டி இப்படி அனுப்பிய 274 வசூல் நோட்டீஸ்களை அம்மாநில அரசே 2022இல் திரும்பப் பெற்றது. வசூலித்த தொகையைத் திருப்பித் தரும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

மத்திய அரசின் பொதுச் சொத்து சேதத் தடுப்புச் சட்டம் 1984இல் வந்தது. பெயரே சொல்வதுபோல் அது பொதுச் சொத்துக்கானது. அரசு பஸ் அதில் வரும். கண்டக்டரின் சொந்த சைக்கிள் வராது.

தமிழ்நாட்டில் 1992இல் தனிச் சட்டம் வந்தது. முதலில் அதுவும் பொதுச் சொத்துக்கு மட்டுமாகவே இருந்தது. 1994 திருத்தத்துக்குப் பிறகு தனியார் சொத்தும் அதன் பாதுகாப்பில் சேர்ந்தது. காவலரின் சொந்த பைக்கும் நம் கடைச் சரக்கும் இதில் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஊர்வலம், கூட்டம், ஆர்ப்பாட்டம் நடத்திய அரசியல் கட்சியிடமோ, சமூகக் குழுவிடமோ நஷ்டஈடு கேட்கவும் இச்சட்டம் வழி செய்கிறது. 2013 மரக்காணம் சம்பவத்தை ஒட்டி ஓர் அரசியல் கட்சிக்கு இதன் கீழ் நோட்டீஸ் அனுப்பப்பட்டு, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. மேடை போட்டு, கொடி கட்டி, அனுமதி வாங்கி நடத்திய கூட்டம் என்றால் பெயர் தெரியும். யாரும் அழைக்காமல் ஓர் இரவில் திடீரென்று திரளும் கூட்டத்துக்குப் பெயர் ஏது? யாருக்கு நோட்டீஸ் அனுப்புவது?

உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரல் 16 அன்று இது பற்றி முக்கியமான தீர்ப்பை வழங்கியது. பெரிய அளவில் சேதம் நடந்தால் உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து, சேதத்தை மதிப்பிட ஓர் உரிமைக் கோரிக்கை ஆணையரை நியமிக்கலாம் என்று அதில் கூறப்பட்டது. சேதத்தை வீடியோ எடுக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. 2018இல் வந்த இன்னொரு தீர்ப்பும் இதை வலியுறுத்தியது. ஆனால் ஒவ்வொரு ஊர்க் கலவரத்துக்கும் ஆணையர் தானாக வந்துவிடுவதில்லை. கேட்பவர் இருந்தால்தான் வருவார்.

கிரிமினல் வழக்கில் தண்டனை அளிக்கும் நீதிமன்றம், அபராதத் தொகையிலிருந்து நஷ்டமடைந்தவருக்கு ஈடு தர உத்தரவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 395ஆவது பிரிவாக உள்ளது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தரும் திட்டமும் உண்டு. ஆனால் அது பெரிதும் உயிர்ச் சேதத்தையும் உடல் காயத்தையும் கணக்கில் கொண்டது. எரிந்த வண்டிக்கும் கொள்ளை போன அரிசி மூட்டைக்கும் அங்கே எளிதில் விடை கிடைக்காது.

அரசு ஊழியர் பணியில் காயமடைந்தால் சிகிச்சைக்கு வழி உண்டு. இறந்தால் குடும்பத்துக்கு வழி உண்டு. சொந்தப் பொருள் போனால் கிடைப்பது பெரும்பாலும் நிவாரணமே. நிவாரணம் என்பது தருபவர் மனம் வைத்துத் தருவது. உரிமை என்பது கேட்டு வாங்குவது. இரண்டும் ஒன்றல்ல.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

அமெரிக்காவில் 1964இலேயே இதற்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. ராணுவத்தினரும் மத்திய அரசு ஊழியர்களும் பணியின் காரணமாகத் தங்கள் சொந்தப் பொருளை இழந்தால், அரசு அதை ஈடு செய்யலாம். பொதுவான உச்ச வரம்பு 40,000 டாலர். இரண்டு வருடத்துக்குள் எழுத்து மூலம் கேட்க வேண்டும். அந்தப் பொருளை வைத்திருந்தது நியாயமாக இருக்க வேண்டும். ஊழியரின் கவனக்குறைவு காரணமாக இருக்கக் கூடாது. குற்றவாளி பிடிபட்டானா, தண்டனை அடைந்தானா என்று காத்திருக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் வணிகருக்கே நேரடி வழி உண்டு. 1886ஆம் வருடச் சட்டப்படி, கலவரத்தில் கடை சேதமானால் அந்தப் பகுதிக் காவல்துறையின் நிதியிலிருந்தே நஷ்டஈடு தர வேண்டும். அமைதியைக் காப்பது காவல்துறையின் பொறுப்பு, அது தவறினால் அதன் நிதி ஈடு செய்ய வேண்டும் என்பதே இதன் அடிப்படை. 2016இல் அந்தச் சட்டத்தைப் புதுப்பித்து, ஒரு கோரிக்கைக்கு 10 லட்சம் பவுண்டு என்று வரம்பு வைத்தார்கள். அடிப்படையை மாற்றவில்லை.

வரிப் பணத்தை எதற்குக் கலவரக்காரன் செய்ததற்குச் செலவிட வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அரசு முதலில் தந்துவிட்டு, குற்றம் நிரூபணமானவரிடம் பின்னர் வசூலிக்கட்டும் என்பதே நம் பதில். பத்து வருடம் காத்திருக்கும் சக்தி அரசுக்கு உண்டு. காவலருக்கும் மளிகைக் கடைக்கும் இல்லை.

இன்று நம் கையில் இருப்பது

சட்டம் மாறும் வரை இன்சூரன்ஸ்தான் நம் கையில் இருக்கும் கருவி. அதிலும் கவனிக்க வேண்டியவை பல.

1. வண்டிக்குத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால், கலவரத்தில் எரிந்தால் ஒரு ரூபாய் கிடைக்காது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த ஃபுல் இன்சூரன்ஸில்தான் கலவரச் சேதம் வரும். 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருடத் தேர்டு பார்ட்டி கட்டாயம் என்பதால், முதல் வருடத்துக்குப் பின் பலர் இன்சூரன்ஸ் இருக்கிறது என்றே நினைத்திருக்கிறார்கள். சொந்தச் சேதப் பகுதி எப்போதோ காலாவதியாகியிருக்கும். டெலிவரி பையனின் வண்டியையும், கடைக்கு வரும் அரசு ஊழியரிடம் ஒரு வார்த்தை சொல்லி அவர் வண்டியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

2. கடைக்கு 2021 ஏப்ரல் முதல் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி உள்ளது. ஓர் இடத்தில் 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள சிறு தொழில்களுக்கானது. கலவரமும் தீய நோக்கில் செய்த சேதமும் இதில் அடக்கம். அச்சம்பவத்தால் ஏழு நாட்களுக்குள் நடக்கும் திருட்டும் சேரும். பழைய வகைத் தீ பாலிசி வைத்திருப்பவர்கள், கலவரமும் கொள்ளையும் சேர்ந்துள்ளதா என்று ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

3. பிரீமியத்தை மிச்சம் பிடிக்கச் சரக்கைக் குறைத்துக் காட்டாதீர்கள். கடையில் 10 லட்சம் ரூபாய்ச் சரக்கு இருக்க, 5 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்திருந்தால், 4 லட்சம் நஷ்டமானால் சராசரி விதிப்படி 2 லட்சமே வரும். பண்டிகை மாதத்தில் சரக்கு ஏறினால் தொகையையும் ஏற்றுங்கள்.

4. கல்லாப் பணமும் கணக்குப் புத்தகமும் சாதாரணத் தீ பாலிசியில் வராது. மண்டி வியாபாரிகள் கமிஷனுக்கு வைத்திருக்கும் பிறர் சரக்கும் தனியே குறிப்பிட்டால்தான் வரும். பற்று நோட்டு எரிந்தால் கடனும் எரிந்தது போலத்தான். தினமும் கடை மூடும் முன் அன்றைய பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்து வீட்டில் உள்ளவருக்கு அனுப்பிவிடுங்கள்.

5. சேதம் நடந்தால் சுத்தம் செய்யும் முன் படம் எடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள். சர்வேயர் பார்க்கும் வரை மிச்சச் சரக்கை அப்புறப்படுத்தாதீர்கள். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்தி அடையாமல், முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அது இலவசம். அதில் உங்கள் கடையின் பெயரும் சேத மதிப்பும் இருக்க வேண்டும். பத்து வருடம் கழித்து நீதிமன்றம் ஈடு தர நினைத்தாலும், ஏட்டில் இல்லாத நஷ்டத்துக்குத் தர முடியாது.

நாம் கேட்க வேண்டியது

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் தொழிலை நம்பி வாழும் இந்த ஊர்களில், ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளியும், பணி முடிந்து வரும் காவலரும், சம்பள நாளில் கணக்குத் தீர்க்க வரும் அலுவலக ஊழியரும் ஒரே கல்லாவுக்கு முன்தான் நிற்கிறார்கள். அதனால் சங்கங்கள் மனுக் கொடுக்கும்போது கடைக்கு மட்டும் கேட்காமல் மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பணியிலிருந்த அரசு ஊழியரின் சொந்தப் பொருள் சேதத்துக்கு, வரம்போடும் காலக்கெடுவோடும் கூடிய நிலையான விதி வேண்டும். சேதம் நடந்த சில வாரங்களில் மாவட்ட அளவில் மதிப்பீடு முடிய வேண்டும். அரசு முதலில் தந்து, நிரூபணமான குற்றவாளியிடம் மட்டும் பின்னர் வசூலிக்க வேண்டும்.

காவலரும் நம்மோடு சேர்ந்து கேட்டால் அந்தக் கோரிக்கையை வியாபாரிகளின் சுயநலம் என்று யாரும் ஒதுக்க முடியாது. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். அதற்கு முன், இன்றிரவே உங்கள் பாலிசியை எடுத்து ஒரு முறை முழுவதும் படித்துப் பாருங்கள்.