குறிச்சொல்லும் தேடலும்

பெயரறியாத பொருளை அதன் இயல்பு கொண்டு தேடிப் பெறத் துணையாவது குறிச்சொல். 1993ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டெபியன் என்னும் இயங்குதளத்தில் பல்லாயிரம் மென்பொருள்கள் உள. அவற்றிற்குரிய குறிச்சொல் ஒவ்வொன்றும் இரு கூறுடையது: முற்கூறு நோக்கும் முகத்தையும், பிற்கூறு அம்முகத்துள் அடங்கும் இயல்பையும் உணர்த்தும். ‘பயன்: திருத்துதல்’, ‘கையாள்வது: உரை’ என்னும் பொருளுடைய இரண்டனை ஒருங்கே வினவின், இரண்டும் பொருந்தியனவே விடையாக வரும். இம்முகப்பகுப்பு நெறியினை, சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையிற் காணலாம்.

நூலகத்தில் தேடுவோர் குறிப்பை நூலகர் உய்த்துணர்வர். ஏ.பி.ஐ. எனப்படும் நிரல் இடைமுகத்தின்வழி வினவுவதோ மற்றொரு நிரல். குறிச்சொல்லைக் கொண்டு தேடுங்கால் அது எழுத்தோடு எழுத்தை ஒப்பிடுமேயன்றிக் கருத்தை நோக்காது. ஒருவர் ‘ஏடு’ எனவும் மற்றொருவர் ‘சுவடி’ எனவும் குறித்த கோப்புகளுள், ஒன்றை வினவினார்க்கு மற்றொன்று தோன்றாது. தோன்றாதது இல்லாததாகவே கொள்ளப்படும். இக்குறை நேராவண்ணம் டெபியன் வரையறுத்த சொற்பட்டியலைக் கைக்கொண்டது. நம் சுவடிகளைப் படமெடுத்துக் காப்போரும் சொல்லை முதற்கண் வரையறுத்தல் வேண்டும். அன்றேல், செல்லுக்குத் தப்பிய சுவடி தேடுவார் கண்ணுக்குத் தப்பிவிடும்.