இரைச்சல் குறையுமா, காசு கரையுமா?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் மீண்டும் தொடங்கியது. அந்த ஐந்து ஆண்டுகளில் கொழும்பில் ஓடிய வேகன் ஆர், ஆல்ட்டோ, விட்ஸ், அக்வா எல்லாவற்றுக்கும் வயதேறிவிட்டது. கதவு ரப்பர் காய்ந்தது, டயர் தேய்ந்தது, சஸ்பென்ஷன் புஷ் தளர்ந்தது. இறக்குமதி திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை கைக்கு எட்டாததால், இருக்கிற காரையே திருத்தி வைத்துக்கொள்வோம் என்பதே பல வீடுகளின் முடிவு. அந்தத் திருத்த வேலைகளில் ஒன்றுதான் ‘சவுண்ட் ப்ரூஃப்’.

வெள்ளவத்தையில் காலி வீதி பஸ்களின் ஹோர்ன். கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்குப் போய்வரும் கொள்கலன் லொறிகளின் உறுமல். நாள்தோறும் இதற்குள் ஓட்டுகிறவர் கொஞ்சம் அமைதி தேடுவது நியாயம்தான். “முழுக்க ஒட்டித் தாறன், ஒரு சத்தமும் கேக்காது” என்று கராஜில் சொல்லும்போது, அதை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

மூன்று பொருள், மூன்று வேலை

காருக்குள் சத்தம் இரண்டு வழியாக வருகிறது. டயரும் சஸ்பென்ஷனும் தரும் அதிர்வு தகரத்தில் ஏறி, தரையையும் கதவையும் அதிர வைப்பது ஒரு வழி. கண்ணாடி, ரப்பர் இடுக்கு, துவாரம் வழியே காற்றோடு நுழைவது மற்றது.

அலுமினியத் தாள் போர்த்திய பியூட்டில் ரப்பர் ஷீட், தகரத்தின் அதிர்வை அடக்க மட்டுமே உதவும். அதற்குத் தகரம் முழுவதையும் மூட வேண்டியதில்லை. பரப்பில் கால்வாசிக்கு ஒட்டினாலே பெரும்பயன் கிடைத்துவிடும். காற்றில் வரும் சத்தத்தை மறிக்கப் பாரமான வைனில் படலம் வேண்டும். அதன் எடை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ. அந்தப் படலத்தைத் தகரத்தில் தொடாமல் பிரித்து வைக்க, நீர் உறிஞ்சாத மூடிய நுண்ணறை ஃபோம் அடியில் வர வேண்டும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. பியூட்டில் ஷீட்டை எத்தனை அடுக்கு ஒட்டினாலும் கண்ணாடி வழியே வரும் ஹோர்ன் சத்தம் குறையாது.

எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும். பியூட்டில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ, வைனில் 5 கிலோ என்றால், ஆறு சதுர மீட்டருக்கு இரண்டையும் போடும்போது 48 கிலோ ஏறுகிறது. 660 சிசி வேகன் ஆருக்கு இது ஒரு ஆளை எப்போதும் ஏற்றிக்கொண்டு ஓடுவது மாதிரி.

‘சத்தம் பாதியாகும்’ என்ற விளம்பரத்தையும் கேள்வி கேட்க வேண்டும். ஒலியின் ஆற்றல் பாதியானால் மீட்டரில் குறைவது 3 டெசிபெல்தான். காதுக்கு அது சிறிய வித்தியாசமே. காதுக்குப் பாதியாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் குறைய வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே வீதியில், ஒரே வேகத்தில், ஏசியை நிறுத்தி, ஒரே கைபேசியின் ஒலிமானிச் செயலியால் அளந்து பாருங்கள். தனியாக அந்த எண் துல்லியமாக இராது. முன்பின் ஒப்பிட அது போதும்.

ஷீட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

கதவுக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி, தாளை இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் மாற்ற வேண்டும். டயர் காற்றழுத்தம் ஓட்டுநர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் உள்ள அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்திருந்தால் புது ஷீட்டை விடப் புது டயரே அதிகம் உதவும். ஐரோப்பிய லேபிள் ஒட்டிய டயரில் ஒரு டெசிபெல் எண் இருக்கும். அது டயர் வெளியே எழுப்பும் சத்தத்தின் அளவு, காருக்குள் கேட்பது அல்ல. ஆனாலும் இரண்டு டயர்களை ஒப்பிட அது கைகொடுக்கும்.

வேகம் கூடக்கூட உயர்ந்து, வளைவில் திரும்பும்போது மாறும் ரீங்காரம் கேட்கிறதா? பெரும்பாலும் அது சக்கர பேரிங் பழுது. அதைத் திருத்தாமல் மேலே ஷீட் ஒட்டினால் பழுது அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் காதுக்கு எட்டாமல் போகும்.

மலிவு ஷீட்டின் ஆபத்து

கூரை ஒழுக்கு அடைக்கும் தார்ப் பட்டையும் பியூட்டில் ஷீட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே கறுப்பும் வெள்ளியுமாக இருக்கும். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் தார் இளகும், நாறும், கூரையிலும் கதவிலும் கழன்று வழியும். ஒரு துண்டைக் கேட்டு வாங்கி முகர்ந்து பாருங்கள். பெற்றோல், தார் வாடை வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பியூட்டில் என்றால் இழுக்க ரப்பராய் நீளும்.

மெத்தைக் கடை ஸ்பொஞ்சும் பொதி கட்டும் ஃபோமும் காருக்குள் வரவே கூடாதவை. மழைநீரோ ஏசி நீரோ பட்டால் அவை ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும். தீப்பிடித்தால் வேகமாக எரியும். காரின் உட்புறப் பொருள் நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் எரிந்து பரவக் கூடாது என்கிறது அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 302 தரம். ‘இந்த ஃபோம் அந்தச் சோதனையில் தேறியதா, தாள் இருக்கிறதா’ என்று கடைக்காரரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஒட்டக் கூடாத இடங்களும் உண்டு. கதவின் அடியில் இருக்கும் நீர் வடியும் துளைகளை மூடினால் தண்ணீர் உள்ளே தேங்கும். மரைன் டிரைவ் உப்புக்காற்றோடு அது சேர்ந்தால் கதவு விரைவில் துருப்பிடிக்கும். தூணிலும் கூரை ஓரத்திலும் மடித்து வைத்த பக்கவாட்டு ஏர்பேக்குகள் இருக்கலாம். சில கார்களில் மோதலை உணரும் சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும். அங்கே கை வைப்பதற்கு முன் அந்த மொடலின் சேவைக் கையேட்டைப் பார்க்க வேண்டும். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் பின் இருக்கைப் பகுதியில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று வழி இருக்கிறது. அதை ஃபோம் அடைத்தால் பேட்டரி சூடேறும். செம்மஞ்சள் உறை போட்ட வயரில் உயர் மின்னழுத்தம் ஓடும். அதைத் தொடுவதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும்.

வெளிச்சத்தம் குறைந்த காரில் பாட்டையும் கூட்டி வைத்தால், பின்னால் வரும் 1990 சுவசெரிய அம்புலன்ஸின் சைரன் தாமதமாகவே காதுக்கு எட்டும்.

பணம் கொடுத்தவரின் உரிமை

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் கராஜ் வேலைக்கும் பொருந்தும். உரிய கவனத்தோடும் திறமையோடும் சேவை செய்வேன் என்ற உத்தரவாதம், வாயால் சொல்லாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கியதாகவே சட்டம் கருதுகிறது. தார் ஷீட்டைப் பியூட்டில் என்று விற்பது பொய்யான உரிமைகோரல். பாவனையாளர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுக்கத்தான் வேண்டும்.

அந்தச் சீட்டில் ‘சவுண்ட் ப்ரூஃப் – முழுக் கார்’ என்ற ஒரே வரியோடு நிற்க வேண்டாம். பொருளின் பெயர், தடிப்பு, எத்தனை சதுர அடி, எந்தெந்தப் பகுதி, உத்தரவாதக் காலம் எல்லாம் எழுதுவியுங்கள். கதவு அட்டையையும் தரை விரிப்பையும் திரும்பப் பூட்டுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு உள்ளே என்ன ஒட்டியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி இல்லை. காப்புறுதி நிறுவனத்துக்கும் இந்த மாற்றத்தை எழுத்தில் அறிவித்துவிட்டால் பின்னால் நட்டஈட்டு வாக்குவாதம் வரும் வாய்ப்பு குறையும்.

வேலை பிழைத்தால் முதலில் கராஜுக்கு எழுத்தில் சொல்லுங்கள். அங்கே தீராவிட்டால் கொழும்பு 02, வொக்ஸோல் வீதியில் உள்ள அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம். அவசர இலக்கம் 1977. கெடுவைக் கவனிக்க வேண்டும்: உத்தரவாதத்துக்கு மாறான சேவை பற்றிய முறைப்பாடு, சேவை கிடைத்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். ‘இன்றைக்குச் செய்து தாறன், நாளைக்குச் செய்து தாறன்’ என்று கராஜ் இழுத்தடித்தால் கெடு கடந்துவிடும். விசாரணைக்குப் பின் நட்டஈடு கொடுக்கவோ பணத்தைத் திருப்பவோ உத்தரவிட அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு. கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொண்டு பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது.

ஷீட் எட்டாத சத்தம்

காரில் எவ்வளவு ஒட்டினாலும் கண்ணாடி கண்ணாடியாகவே இருக்கும். பக்கத்து பஸ்ஸின் ஹோர்னை அது முழுதாகத் தடுக்காது. அதற்குச் சட்டத்தில் வேறு வழி உண்டு. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த வாகன ஹோர்ன் ஒழுங்குவிதிகள், ஹோர்ன் ஒலிக்கு 2 மீட்டர் தொலைவில் 105 டெசிபெல், 7 மீட்டரில் 93 டெசிபெல் என எல்லை வகுத்துள்ளன. 2025 ஜனவரியில் பொலிஸார் சட்டத்துக்கு மாறான ஹோர்ன், சைலென்சர், மின்விளக்குகளைக் கழற்றும் நடவடிக்கையைத் தொடங்கியபோது பஸ்களும் முச்சக்கர வண்டிகளும் அதில் சிக்கின. எல்லை மீறும் வாகனத்தின் பதிவு இலக்கம், பஸ் என்றால் வழித்தட இலக்கம், இடம், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு பொலிஸ் நிலையத்திலோ மத்திய சுற்றாடல் அதிகார சபையிலோ முறையிடலாம். காரே இல்லாமல் காலி வீதியோரம் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவரும் இதே முறைப்பாட்டைச் செய்யலாம்.