சதுரத்துக்குள் இரண்டு அன்னங்கள்

மரத்தில் விலங்கு செதுக்கும் மலைநாட்டுக் கலையை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால், எம்பெக்க தேவாலயத்துக்குத்தான் போக வேண்டும். கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில், 14ஆம் நூற்றாண்டில், கதிர்காமக் கந்தனுக்கு எழுப்பிய கோயில் அது. ஹட்டனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ கண்டிக்குப் போகிறவர்கள் கம்பளை தாண்டிக் கொஞ்சம் விலகினால் போதும். தோட்டத்துப் பள்ளிக்கூடச் சுற்றுலாக்கள் பேராதனைப் பூங்காவோடு திரும்பிவிடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

முன்னால் இருப்பது சுவரில்லாத மேள மண்டபம். அதன் 32 மரத்தூண்களிலும் எண்பட்டைகளுக்கு நடுவே ஒரு சதுரக் கட்டம் விட்டிருக்கிறார்கள். கட்டத்தின் நாலு முகத்திலும் ஒவ்வோர் உருவம், ஆக 128. கொடிவேலைகளையும் தாமரைப் போதிகைகளையும் சேர்த்தால் மொத்தம் 514 செதுக்கல்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

தூண் கூரையைத் தாங்க வேண்டியது. ஆழமாகத் தோண்டினால் வலுக் குறையும். அதனால் உருவத்தைச் சுற்றியுள்ள மரத்தை மட்டும் சிறிதளவு எடுத்துவிட்டு, உருவத்தைப் புடைப்பாக நிறுத்துகிறார்கள். இன்னொரு நன்மையும் உண்டு. மரத்தின் நார் ஒரே போக்கில் ஓடும். அதற்குக் குறுக்கே மெல்லிய கழுத்தோ காலோ தனியே நீட்டிக்கொண்டிருந்தால் சுலபமாக முறிந்துவிடும். புடைப்பு வேலையில் பின்னாலிருக்கும் மரமே அதைத் தாங்கிக்கொள்கிறது.

நீண்ட கழுத்துள்ள பறவையைச் சதுரத்துக்குள் எப்படி அடக்குவது? இரண்டு அன்னங்களின் கழுத்துகளை ஒன்றோடொன்று பின்னிவிட்டார் ஆசாரி. நீளம் பின்னலுக்குள் போய்விட்டது, கட்டமும் நிறைந்துவிட்டது. கழுகுக்கு இரண்டு தலை. வலமும் இடமும் சமமாகிவிடுகின்றன. கட்டத்தின் நெருக்கடியிலிருந்தே இத்தனை அழகு பிறந்தது என்பதுதான் என் எண்ணம்.

யானையும் காளையும் கலந்த உருவமும் இங்கே உண்டு. தமிழ்நாட்டின் தாராசுரம் கோயிலில் இரண்டுக்கும் ஒரே தலையாய்க் கல்லில் செதுக்கியதைப் பார்த்தவர்களுக்கு, சொந்தக்காரரை எதிர்பாராமல் சந்தித்தது போலிருக்கும். ஆச்சரியப்பட வேண்டியதில்லை. பக்கத்திலுள்ள கடலாதெனிய விகாரையை 1344இல் கட்டியவர் கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பி. எம்பெக்கவின் மரவேலைக்குத் தலைமை ஆசாரியாக ஊர் வழக்கு சொல்லும் பெயர் தெல்மட மூலாச்சாரி.

விலங்குகளைப் பார்த்து முடித்ததும், தலையை நிமிர்த்திக் கூரையின் ஒரு முனையையும் பாருங்கள். 26 கைமரங்கள் அங்கே ஒன்றுகூடுகின்றன. அத்தனையையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரே ஒரு பெரிய மர ஆணி.