அந்தைமோரோ காகித விளக்குக்கூடு
அம்பலவாவ், மடகாஸ்கர்

கூட்டுக்குள் பல்பு எரியும்போது இலை நரம்பு ஒவ்வொன்றும் தெரிகிறது. வரைந்ததோ அச்சடித்ததோ அல்ல. நிஜ இலை, நிஜப் பூவிதழ்.

அவோஹா மரப்பட்டையை மணிக்கணக்கில் வேகவைத்து, அலசி, மரச்சுத்தியலால் கூழாகும்வரை இடிக்கிறார்கள். துணி கட்டிய சட்டத்தைத் தண்ணீரில் வைத்து, கூழைக் கையாலேயே அளைந்து பரப்புகிறார்கள். சட்டத்தைத் தூக்கி நீரை வடித்ததும், ஈரம் போகும் முன்பே பூக்களையும் இலைகளையும் அடுக்கி, நீர்த்த கூழை மேலே மெல்லிசாக ஊற்றுகிறார்கள். வெயிலில் காய்ந்ததும் இரண்டு படலமும் ஒன்றாகிவிடும். இலை நடுவில் மாட்டிக்கொள்ளும்.

இந்தக் காகிதம் விளக்குக்காகப் பிறந்ததல்ல. தீவின் தென்கிழக்குக் கரையில் வாழும் அந்தைமோரோ மக்கள், மலகாசி மொழியை அரபு எழுத்தில் எழுதிய சொராபே சுவடிகளுக்காகச் செய்தது. பூ பதிக்கும் வழக்கம், 1930களில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் அம்பலவாவில் தொடங்கிய பட்டறையோடு வந்தது. சுற்றுலாச் சரக்குதானே என்று ஒதுக்கிவிட முடியாது: பட்டையும் அதை இடிக்கும் முறையும் பழையவை.

பச்சை நிறம் வெளிச்சத்தில் வெளுக்கும். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம்.